பதினொன்றில் பன்னிரண்டு

ப்ர்னோவில் பேராலய மணி
பதினொன்றுக்கே பன்னிரண்டு அடிக்கும்.
முற்றுகையிட்ட படையை ஏய்க்க
ஒருநாள் அப்படி அடித்தார்களாம்.
படை போய் முந்நூற்றுச் சொச்சம் வருஷம்.
பொய் மட்டும் தங்கிவிட்டது.
யாரும் திருத்துவதில்லை.

என் வேலையும் ஏறக்குறைய அதுதான்.
எனக்குச் சம்பளம் உண்டு.

கர்னலின் நெற்றியில் பழைய எண்.
ஆறு வருஷத்துக்கு முந்தையது, மாற்றக் கூடாது.
ஆஸ்த்ராவா உருக்காலையின் எடைமேடைகள்
அந்த எண்ணின் பேரில்தான் சான்றிதழ் வாங்கியிருக்கின்றன.
எண் மாறினால்
மேடைக்கு மேடை இருபது டன் இரும்பை
ஏற்றி இறக்கிக் காட்ட வேண்டும்,
அதிகாரி வந்து நிற்க, பனியில்.

ஆனால் பழைய நெட்வொர்க் கார்டை
இப்போது எவரும் செய்வதில்லை.
புதுசு வந்து இறங்கியது.
பழைய கர்னல் அதைப் பார்த்து
கடன்காரனைக் கண்டதுபோல் முகம் திருப்பிக்கொண்டது.

ஆகவே நான்.
இன்றைய டிரைவரை
ஆறு வருஷத்துக்கு முந்தைய வீட்டில் குடிவைப்பவள்.
இருநூற்றுப் பன்னிரண்டு பேட்ச்.
ஒவ்வொன்றாய்த் தூக்கி, வைத்துப் பார்த்து,
இடிக்கிற இடத்தில் இழைத்து,
அந்தக் காலத்தில் பிறந்தேயிராத ஃபங்ஷனுக்கு
அதே பெயரில் ஒரு டூப்பு எழுதி.

நூற்று முப்பதுக்கு மேல்
ஒரே பெயர் வந்துகொண்டிருந்தது:
அன்செல்மோ எட்செவெரி, மொன்டெவிடியோ.
முகம் தெரியாது. ஆள் தெரியும்.
வெள்ளிக்கிழமைகளில் எழுதுகிறவர்.
பிழைச்செய்தியில்கூட மன்னிப்புக் கேட்பவர்.

ஜனவரியில் ஏழாம் மேடை நின்றது.
மைனஸ் பதினான்கு.
கரி வண்டிகள் வரிசையில்.
வ்லஸ்திமில் போனில் கத்தினார்:
"அம்மணி, உங்கள் கார்டு தூங்கப்போகிறது,
எழுந்திருக்க மாட்டேன் என்கிறது!"

மூன்று இரவு.
முதலில் என் இழைப்பைத்தான் சந்தேகித்தேன்,
பிறகு டூப்பை,
பிறகு என்னை.
பிழை அன்செல்மோவுடையது.
பூட்டைத் திறந்து விட்டுவிட்டு
அப்புறம் சாமானை எண்ணுகிறது டிரைவர்.
எண்ணிவிட்டுத் திறக்க வேண்டும்.
இரண்டு வரி, இடம் மாற வேண்டும், அவ்வளவு.

மேடை எழுந்தது. வண்டிகள் நகர்ந்தன.

கம்பெனி தன் மூலநிரலை மறைப்பதில்லை.
எல்லா மாற்றங்களையும் ஒரே உருண்டையாய் உருட்டி
வாசலில் வைத்துவிடும். சட்டப்படி சரி.
வைக்கோற்போர் முழுவதும் உங்களுக்கு.
ஊசி எந்தப் பக்கம் என்பது மட்டும்
எங்கள் வியாபாரம்.

"அந்த இரண்டு வரியை மேலே அனுப்பட்டுமா?"
ராடோவான் திரையிலிருந்து தலையெடுக்கவில்லை.
"அனுப்பேன். ஆபீஸ் நேரத்தில் வேண்டாம்."

அப்போது மணி அடித்தது.
பன்னிரண்டு முறை.
சாப்பாட்டு நேரம் என்றால் சாப்பாட்டு நேரம்தான்,
நான் யார் பேராலயத்தை மறுக்க?
பூண்டு சூப் ஆறிப்போனது. அனுப்பினேன்.
மொன்டெவிடியோவில் அப்போது காலை ஏழு.
ஒரு மணி நேரத்தில் பதில்:
"ஏற்றுக்கொண்டேன். மன்னிக்கவும். நன்றி."
அந்த வரிசையிலேயே.

இரண்டு வருஷம் போயிற்று.
வேறு வாடிக்கையாளர்,
இன்னும் பழைய கர்னல், இன்னும் நீளமான பட்டியல்.
அறுபத்தொன்றாவது பேட்ச் பொருந்தவில்லை.
யார் இந்தப் பெண், இத்தனை அவசரமாய் எழுதியிருக்கிறாள்,
விளக்கத்தில் பாதி வாக்கியம் காணோமே என்று
எரிச்சலோடு மேலே நகர்த்தினேன்.

போஹ்தானா வாவ்ரோவா.

என் கீழே அன்செல்மோ.
அவருக்குக் கீழே நான் பார்த்தேயிராத இரண்டு பேர்.
எங்கெங்கோ சுற்றி
என் மேசைக்கே வந்து
உள்ளே வர மாட்டேன் என்று நிற்கிறது
என் இரண்டு வரி.

இழைத்தேன்.
எங்கிருந்து எடுத்தது என்று அடியில் குறிக்க வேண்டும், விதி.
குறித்தேன்.
என் பெயருக்குக் கீழே
இன்னொரு முறை என் பெயர்.

கட்டி முடித்து, ஓட்டிப் பார்த்து,
பதிப்பு என்ன என்று கேட்டேன்.
அதே பழைய எண்ணைச் சொன்னது,
கண் இமைக்காமல்.

வெளியே மணி.
எண்ணினேன்.
கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.